லோயரிங் ஸ்பிரிங்: நாமே மாட்டுவதா, பட்டறையில் விடுவதா?

காரைச் சற்றுத் தாழ்த்தி ஓட்ட விரும்பி லோயரிங் ஸ்பிரிங் வாங்கியவர்கள், பெரும்பாலும் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பட்டறையில் சொன்ன கூலி எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கிறது. காணொளியைப் பார்த்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலையாகத் தோன்றுகிறது. ஸ்பேனர் பெட்டியும் ஜாக்கியும் கையில் இருக்கின்றன. நாமே மாட்டிவிடலாமா, கூலியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

இரண்டு வழியையும் பார்த்தவன் என்ற முறையில், கூலியை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடை உங்கள் காரின் அடியில்தான் இருக்கிறது. முன் சஸ்பென்ஷன் எந்த வகை, பின் சஸ்பென்ஷன் எந்த வகை, போல்ட்டுகள் எவ்வளவு துருப்பிடித்திருக்கின்றன என்பவையே முடிவின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. மேலும், நாம் ஒரே வேலை என்று நினைப்பது உண்மையில் ஒன்றல்ல. பழைய பாகங்களைக் கழற்றுவது ஒரு வேலை, அழுந்திய ஸ்பிரிங்கை விடுவித்துப் புதியதை அமர்த்துவது வேறொரு வேலை, சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது முற்றிலும் தனி வேலை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக 'முடியும், முடியாது' என்று பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, ஸ்பிரிங் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. பெரும்பாலான சாதாரணக் கார்களின் முன்புறத்தில் மெக்பர்சன் ஸ்ட்ரட் இருக்கும். ஏர்ல் மெக்பர்சன் என்ற பொறியாளர் 1940களில் உருவாக்கிய இந்த அமைப்பில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இணைந்திருக்கின்றன. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே ஸ்பிரிங் அழுந்திய நிலையிலேயே இருக்கிறது. அது விரிந்து பாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் தண்டின் உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டு.

அந்த நட்டு எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஒரு மில்லிமீட்டர் அழுந்த 25 நியூட்டன் விசை தேவைப்படும் ஸ்பிரிங்கை 120 மில்லிமீட்டர் அழுத்தினால், அது 3,000 நியூட்டன் விசையோடு, அதாவது ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு ஈடாக, திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் 180 ஜூல். 10 கிலோ எடையுள்ள இரும்புத் துண்டு 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஸ்பிரிங்கை முறையாக அழுத்திப் பிடிக்காமல் உச்சி நட்டைக் கழற்றுபவரின் முகமும் கைகளும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன.

பின்புறம் பெரும்பாலும் வேறு கதை. டோர்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்தரம்) உள்ள பல கார்களில் ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் வேறிடத்திலும் தனித்தனியாக இருக்கும். பீமை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு, ஷாக்குகளின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, பிரேக் குழாயும் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் பார்த்தபடி மெல்ல இறக்கினால், ஸ்பிரிங் தானே தளர்ந்து கையோடு வந்துவிடும். அழுத்தும் கருவியே தேவைப்படாது. ஆக, ஒரே காரில் முன்பக்கம் அனுபவம் கேட்கும் வேலையாகவும் பின்பக்கம் பொறுமை மட்டும் கேட்கும் வேலையாகவும் இருக்கலாம். உங்கள் கார் எந்த வகை என்பதை ஸ்பிரிங் வாங்கும் முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, போல்ட்டுகளின் நிலை. மூன்றாண்டு ஓடிய காரில் அரை மணி நேரத்தில் கழன்று வரும் ஸ்ட்ரட், ஈரமும் உப்பும் பட்டுப் பத்தாண்டு ஓடிய காரில் ஒரு நாளையே விழுங்கிவிடும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சிறு தண்டான லிங்க் ராடு இதில் பெயர் போனது. நட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் பந்து மூட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றும்; அதைப் பிடிக்க நடுவில் உள்ள ஆலன் சாவிக் குழியோ துருவில் வட்டமாகத் தேய்ந்திருக்கும். நான் முதன்முறை செய்தபோது வலது முன் லிங்கில் இப்படி மாட்டிக்கொண்டு, கடைசியில் இரும்பறுக்கும் ரம்பத்தால் தண்டை அறுத்தெடுத்துவிட்டுப் புதிய லிங்க் வாங்கும்வரை கார் மூன்று கால்களில் நின்றது.

கருவிகளும் இடமும் அடுத்தது. சமதளமான, கெட்டியான தரை, நல்ல ஜாக்கி ஸ்டாண்டுகள், சொன்ன அளவு முறுக்கில் போல்ட்டை இறுக்கும் டார்க் ரெஞ்ச், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் ஆகியவை இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. காரை ஸ்டாண்டின் மேல்தான் நிறுத்த வேண்டும். மறுநாள் வேலைக்குச் செல்ல வேறு வண்டி உண்டா என்பதையும் இதனோடு சேர்த்தே யோசியுங்கள்.

நான்காவதாக, மாட்டிய பின் வரும் வேலைகள்: வீல் அலைன்மென்ட், முகப்பு விளக்கின் கோணம், கேமரா, சென்சார்கள். கடைசியாகப் பொறுப்பு. ஏதேனும் தவறினால் யார் பதில் சொல்வது, மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வாகனப் பதிவு அதிகாரிகளுக்கும் எப்படிக் காட்டுவது என்பவை கூலியைவிடப் பெரிய கேள்விகள். பல நாடுகளில் உயரத்தை மாற்றிய காருக்குத் தனிச் சோதனையும் சான்றும் தேவை. தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் வாய்ப்புண்டு. இதை முதலில் விசாரித்துவிட்டு மற்றதைப் பேசுவது நல்லது.

## முதல் வழி: நாமே மாட்டுவது

சேமிப்பு உண்மையானதே, ஆனால் தோன்றும் அளவுக்குப் பெரியதல்ல. கூலியில் மிச்சமாவதிலிருந்து இல்லாத கருவிகளின் விலையைக் கழிக்க வேண்டும். ஜாக்கி ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் காலம் முழுதும் பயன்படும். ஸ்பிரிங் கம்ப்ரசர் அப்படியல்ல. ஒருமுறைக்கு மேல் அதைத் தொடாதவர்களே அதிகம் என்பதால், தரமானதை வாடகைக்கு எடுப்பதோ நம்பகமானவரிடம் இரவல் வாங்குவதோ புத்திசாலித்தனம். மலிவான கம்ப்ரசரை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்களிடம் நான் எப்போதும் மன்றாடிச் சொல்வது, இந்த ஓர் இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதுதான்.

கையால் பயன்படுத்தும் கொக்கி வகைக் கம்ப்ரசருக்குச் சில கட்டாய விதிகள் உள்ளன. இரண்டு கொக்கிகளும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவ வேண்டும். இருபுறமும் மாறி மாறிச் சில சுற்றுகளாகக் கைக் கருவியால்தான் முறுக்க வேண்டும். தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் மோட்டார் கருவியான இம்பாக்ட் ரெஞ்சைப் பயன்படுத்தினால் மரை சூடேறித் தேய்ந்து பழுதாகும். ஸ்பிரிங் அச்சின் நேர்கோட்டில் ஒருபோதும் நிற்கக் கூடாது. மேல் தட்டு கையால் ஆட்டும்போது தளர்வாக அசைந்தால்தான் உச்சி நட்டைத் தொடலாம்.

அந்த உச்சி நட்டும் எளிதில் வராது. ஸ்பேனரைத் திருப்பினால் தண்டு முழுவதும் சேர்ந்து சுழலும். தண்டின் நுனியில் ஆலன் சாவியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து நட்டைத் திருப்ப இடம் தரும் துளையுள்ள சாக்கெட் வேண்டும். அது இல்லாதவர்கள் தண்டைக் குறடால் கவ்விப் பிடிப்பார்கள். பளபளக்கும் தண்டின் மேல் விழும் மெல்லிய கீறல் ஒன்று, மேலும் கீழும் ஓடும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் சீலை அறுக்கும். சில மாதங்களில் ஷாக் ஒழுகத் தொடங்கும். பணத்தை மிச்சப்படுத்தப் போய் ஷாக்கையே மாற்றும் கதை இப்படித்தான் நேர்கிறது.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. லோயரிங் ஸ்பிரிங் பழையதைவிடக் குட்டையானது என்பதால், பல கார்களில் அதை மாட்டும்போது மிகக் குறைவாக அழுத்தினாலே போதும். ஆபத்து பெரும்பாலும் பழையதைக் கழற்றும் பாதியில்தான் இருக்கிறது. புதியதை மாட்டும் பாதியில் கவனம் வேறு இடத்துக்குப் போக வேண்டும்: ஸ்பிரிங்கின் நுனி, கீழ்த் தட்டில் அதற்கென உள்ள பள்ளத்தின் முடிவில் சரியாக முட்டி நிற்கிறதா, மேல் கீழ் தலைகீழாகிவிடவில்லையா, முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் பாக எண்ணின்படிதான் போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நுனி இரண்டு விரல்கடை விலகி அமர்ந்தாலும், நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முன்புறத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்பிரிங் இறுகிப் பிறகு துள்ளித் தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம் அது.

நேரத்தைப் பொறுத்தவரை, அனுபவமுள்ளவர் அரை நாளில் முடிப்பதை முதல்முறை செய்பவர் இரண்டு முழு நாட்களாக நினைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மாலை இருட்டும் நேரத்தில் கடைசிச் சக்கரத்தை அவசரமாக முடிப்பவரே போல்ட்டை இறுக்க மறக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு நாமே செய்வதில் பணத்தால் வாங்க முடியாத ஒரு லாபம் இருக்கிறது. காரின் அடியில் உள்ள ஒவ்வொரு ரப்பரையும் மூட்டையும் நம் கண்ணால் பார்க்கிறோம். கிழிந்த தூசி உறை, கசியத் தொடங்கிய ஷாக், ஆட்டம் கண்ட பந்து மூட்டு எல்லாம் நமக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டும் எந்த அளவு முறுக்கில் இறுக்கப்பட்டது என்பதில் சந்தேகமே இருக்காது.

## இரண்டாம் வழி: பட்டறையில் கொடுப்பது

நல்ல பட்டறையில் நமக்குக் கிடைப்பது சுவரிலோ மேசையிலோ பொருத்திய கம்ப்ரசர், காரைத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட், உடைந்த போல்ட்டை எடுக்கும் வழிமுறைகள், மாற்று லிங்க் ராடை அன்றே வரவழைக்கும் வசதி ஆகியவை. இவற்றின் மதிப்பு துருப்பிடித்த பழைய காரில்தான் முழுமையாகத் தெரியும். நமக்கு இரண்டு நாள் பிடிக்கும் முட்டுக்கட்டை அவர்களுக்குத் போல்ட்டைச் சூடாக்கும் கேஸ் டார்ச்சோடு பத்து நிமிட வேலை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. முதலில் சொல்லும் கூலியில் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதும் அழுந்தும்போது முட்டும் ரப்பர்), டாப் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியைக் காரோடு இணைக்கும் பாகம்), பேரிங், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகள் ஆகியவை சேர்ந்திருக்காது. நாம் கொண்டுவரும் ஸ்பிரிங்கை மாட்ட மறுக்கும் பட்டறைகள் உண்டு. மாட்டினாலும், பாகம் உங்களுடையது என்பதால் உத்தரவாதம் இல்லை என்பார்கள். சத்தம் வந்தால் ஸ்பிரிங்கின் குறை என்று பட்டறையும், மாட்டிய குறை என்று விற்றவரும் சொல்ல, நடுவில் நாம் நிற்போம். ஸ்பிரிங்கையும் அவர்களிடமே வாங்குவது விலை சற்றுக் கூடினாலும் இந்தத் தகராறைத் தவிர்க்கும்.

கூலி கொடுத்துவிட்டால் வேலை சரியாக நடந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். கீழ்க் கை (சக்கரத்தை அடியில் பிடிக்கும் கரம்), ஷாக்கின் கீழ் முனை வளையம் போன்ற இடங்களில் உள்ள ரப்பர் புஷ், உள் குழலோடும் வெளி வளையத்தோடும் ஒட்டப்பட்டது. அது சுழல்வதில்லை, முறுகுகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் அதன் போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் அமர்ந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே இருக்கும், விரைவில் கிழியும். எனவே அந்தப் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, காரின் எடை சக்கரங்களின் மேல் வந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். காரைத் தாழ்த்தும்போது புஷ்ஷின் இயல்பு நிலையே மாறிவிடுவதால் இது இன்னும் முக்கியம். என் இரண்டாவது காரை ஒப்படைத்த பட்டறையில், லிஃப்டில் தொங்கிய நிலையிலேயே எல்லாவற்றையும் இம்பாக்ட் ரெஞ்சால் இறுக்கி முடித்துவிட்டார்கள். பின்புறம் எதிர்பார்த்த அளவு இறங்காமல் நின்றதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்கியபோது கார் என் கண் முன்னே சற்று அமர்ந்தது. வண்டியை விடும் முன் 'புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள்?' என்று கேளுங்கள். உடனே சரியான பதில் சொல்லும் மெக்கானிக்கிடம் மற்ற வேலையையும் தயங்காமல் கொடுக்கலாம்.

பொறுப்பு என்ற அளவுகோலில் பட்டறையே முந்துகிறது. ரசீது, பாக எண், செய்த தேதி, அலைன்மென்ட் அறிக்கை ஆகியவை நாளை சோதனைக்கும் காப்பீட்டுக்கும் காரை விற்கும்போதும் உதவும்.

## மூன்றாம் வழி: கழற்றுவது நாம், ஸ்பிரிங் மாற்றுவது பட்டறை

பலர் எண்ணிப் பார்க்காத இந்த வழியைத்தான் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து முழுத் தூணாகவே கழற்றுகிறோம், உச்சி நட்டைத் தொடுவதில்லை. ஸ்பிரிங் தன் சிறையிலேயே இருக்கிறது. கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் புதிய ஸ்பிரிங்குகளையும் பட்டறைக்குக் கொண்டுபோனால், மேசைக் கம்ப்ரசரில் மாற்றித் தர அதிக நேரம் பிடிக்காது. கூலியின் பெரும்பகுதி கழற்றி மாட்டும் நேரத்துக்கானது என்பதால் அது நமக்கு மிச்சம். அபாயம் உள்ள சிறு பகுதி மட்டும் சரியான கருவி உள்ளவர் கையில்.

குறை, போக்குவரத்துதான். கார் ஸ்டாண்டின் மேல் நிற்கும்போது ஸ்ட்ரட்டைச் சுமந்து செல்ல வேறு வண்டி வேண்டும். முன்கூட்டியே பேசிவைக்காமல் போனால் காத்திருக்கவும் நேரும். கழற்றும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஸ்ட்ரட் வந்துவிட்டால் சக்கர மையப் பகுதி வெளிப்புறமாகச் சாயும். அதன் பாரம் பிரேக் குழாயில் தொங்கவும் கூடாது, சாய்ந்த வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டு பிரிந்துவிடவும் கூடாது. கம்பியாலோ கயிற்றாலோ கட்டி நிறுத்துங்கள். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கர மையத்தைத் தாங்கும் பாகத்தோடு) இரண்டு போல்ட்டுகள் இணைக்கும் காரானால், கழற்றும் முன் அவற்றின் நிலையைக் கோடிட்டு வையுங்கள். அந்தத் துளையில் உள்ள சிறு இடைவெளியே கேம்பர் கோணத்தை, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணத்தை, மாற்றிவிடும்.

## எந்த வழியிலும் தப்ப முடியாத செலவுகள்

வீல் அலைன்மென்ட் நிச்சயம் உண்டு. கார் இறங்கும்போது டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் மாறுகின்றன. டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். ஒரு சக்கரம் அரை டிகிரி விலகி ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. அலைன்மென்ட்டைத் தள்ளிப்போட்டு மிச்சப்படுத்திய பணம் டயரில் கரைந்துவிடும்.

முகப்பு விளக்கின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். தானாக உயரம் மாறும் விளக்குள்ள கார்களில் சஸ்பென்ஷனோடு இணைந்த சென்சார் இருக்கும்; அதன் இணைப்பைக் கழற்றி மாட்டுவதோடு மீண்டும் அளவமைக்கவும் வேண்டியிருக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புதிய கார்களில், உயரமும் அலைன்மென்டும் மாறியபின் கேமராவை மறு அளவமைப்புச் செய்யும்படி பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். அது கருவியும் இடமும் உள்ள இடத்தில்தான் முடியும்.

ஷாக்குகளையும் பாருங்கள். நின்ற நிலையிலிருந்து மேல்நோக்கி 80 மில்லிமீட்டர் ஓட்டம் உள்ள காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் பாதி ஓட்டம் போய்விடுகிறது. பம்ப் ஸ்டாப்பைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும். தேய்ந்த ஷாக்கின் மேல் கடினமான புதிய ஸ்பிரிங்கை மாட்டினால் கார் துள்ளும். பிறகு ஷாக் மாற்ற அதே வேலையை, அதே கூலியை, மறுபடியும் தொடங்க வேண்டும். அதிகம் ஓடிய கார் என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே கணக்கில் சரி.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | நாமே | பட்டறை | பாதிப் பாதி |
|---|---|---|---|
| பணச் செலவு | குறைவு. கருவிகள் இல்லையேல் மிச்சம் சுருங்கும் | அதிகம். கூடுதல் பாகங்கள் தனி | நடுத்தரம் |
| நேரம் | முதல்முறை 2 நாள் | வண்டியை விட்டு எடுக்கும் ஒரு நாள் | 1 முதல் 2 நாள், நடுவில் அலைச்சல் |
| முன் ஸ்ட்ரட்டின் அபாயம் | நம் தலையில் | அவர்கள் கருவியில் | அவர்கள் கருவியில் |
| பின் டோர்ஷன் பீம் | எளிது | எளிது | நாமே போதும் |
| துருப்பிடித்த போல்ட் | வேலை நின்றுபோகலாம் | சமாளிப்பார்கள் | வேலை நின்றுபோகலாம் |
| வேலையின் நுணுக்கம் | நம் கண்முன் | கேட்டு உறுதிசெய்ய வேண்டும் | பெரும்பகுதி நம் கண்முன் |
| ஆவணமும் பொறுப்பும் | நாமே | ரசீது உண்டு | பகுதியளவு |

## யாருக்கு எது

கார் புதிது, போல்ட்டுகள் சுத்தம், பிரேக் பேட் மாற்றுவது, ஷாக் மாற்றுவது போன்ற வேலைகளை ஏற்கெனவே செய்த கை, கூடவே அனுபவமுள்ள ஒருவரின் துணை என்றால் நாமே செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. ஜாக்கியை முதன்முறையாகத் தொடுபவர் இந்த வேலையில் தொடங்க வேண்டாம்.

கார் பழையது, துரு தெரிகிறது, அதை நம்பித்தான் நாளை வேலைக்குப் போக வேண்டும், அல்லது மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக்குகளும் கேமராவும் உள்ள கார் என்றால் பட்டறைக்கே போங்கள். உயர மாற்றத்துக்குச் சோதனைச் சான்று கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் அதுவே நல்லது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள், அதாவது கழற்றத் தெரியும் ஆனால் கம்ப்ரசரைப் பார்த்தால் தயக்கம் என்பவர்கள், மூன்றாம் வழியை எடுக்கலாம். அந்தத் தயக்கம் நியாயமானது. அதை மீறிக்கொண்டு செய்ய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

எந்த வழியானாலும் தொடங்கும் முன் காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் மீண்டும் அளக்க வேண்டும். டோ பெரிதும் விலகியிருக்கும் என்பதால் அலைன்மென்ட்டை உடனே ஒருமுறை பார்த்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு உயரத்தை மூன்றாம் முறை அளந்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, கோணங்களை இன்னொரு முறை சோதியுங்கள். ஒரே அச்சில் இடதுக்கும் வலதுக்கும் புதிதாக 10 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு தெரிந்தால், ஸ்பிரிங்கின் நுனி பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்பதையும், புஷ் போல்ட்டுகள் எந்த நிலையில் இறுக்கப்பட்டன என்பதையும் முதலில் பாருங்கள்.